மூணு வாட் ஃப்ரிட்ஜும் ஒரு வாளி ஐஸும்

"என்ன மாப்ள, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இருக்கிற ரூம்லயே மோர் வெதுவெதுன்னு இருக்கு?"

அத்தை கேட்டதில் தப்பே இல்லை. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருஷமாக ஃப்ரிட்ஜ், ஏ.சி. சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ஐஸ் பார் வண்டிகள் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். குளிர்ச்சியை விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்டவன் ஒரு கப்பல் அறையில், ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரம் இருந்த மோர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மச்சான், அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்த மே மாத லீவில் அது நடந்தது. சிங்கப்பூர் மரீனா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட், திரும்ப சிங்கப்பூர். நாலு ராத்திரி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. ஒன்றில் நான், மனைவி, மகள், அத்தை. இன்னொன்றில் மச்சான் குடும்பம். இரண்டு அறையிலும் ஒரே மாடல் ஃப்ரிட்ஜ் என்பது பின்னால் எனக்கு ரொம்ப உதவியது.

எங்களுக்கு வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. அத்தைக்குச் சர்க்கரை வியாதி, பாட்டில் ஜூஸ் எதுவும் ஆகாது, அவருக்கு மோர். மகளுக்கும் மச்சான் பிள்ளைகளுக்கும் கோலா. எனக்கும் மச்சானுக்கும் சோடா. பாரில் ஒவ்வொன்றாக வாங்கினால் கண்ணைக் கட்டும் என்று மச்சான் முதலிலேயே விசாரித்து, அந்தக் கப்பலில் அனுமதித்த அளவுக்கு 330 மில்லி கேன்கள் ஒரு டஜன் எடுத்துவந்திருந்தான். இந்த அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் ஒன்றுமே விடமாட்டார்கள், டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கூலர் பெட்டியையும் பல கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. மடிக்கிற மென்பை, அதாவது உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய துணிப்பை, ஒரு 14 லிட்டர் சைஸில் வைத்திருந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் என் பங்குக்கு எடுத்துப்போனது வயர் நுனியில் சூடு பார்க்கிற கம்பி, அதாவது புரோப், வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. சுற்றுலாவுக்கு யாராவது இதை எடுத்துவருவார்களா என்று மனைவி பையைக் கட்டும்போதே கேட்டாள். ஏ.சி. மெக்கானிக்கின் சட்டைப் பையில் பேனா இருக்காது, இதுதான் இருக்கும்.

சரி, முதல் ராத்திரி. மோர் பாட்டிலுக்குள் புரோப்பை விட்டேன். 19 டிகிரி. அறை 23. ஃப்ரிட்ஜ் உள்ளே காற்று 15. காதை வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. கம்ப்ரஸர் உறுமல் இல்லை, ஃபேன் ஓடுகிற விர்ரும் இல்லை. அங்கேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

சத்தம் போடாத குட்டி ஃப்ரிட்ஜ் இரண்டு ஜாதி. ஒன்று பெல்டியர் வகை. ஒரு செராமிக் தகட்டில் கரண்ட் ஓட்டினால் ஒரு பக்கம் ஜில், மறு பக்கம் சூடு. காரில் வைக்கிற சின்னக் கூலர் பெட்டிகள் பெரும்பாலும் இதுதான். அந்தச் சூட்டைத் தள்ள ஒரு சின்ன ஃபேன் வேண்டும், அதனால் உற்றுக் கேட்டால் சத்தம் வரும். இரண்டாவது அப்சார்ப்ஷன் வகை, எங்கள் அறையில் இருந்தது இதுதான். இதில் ஓடுகிற பாகமே கிடையாது. அடியில் ஒரு ஹீட்டர். அது தண்ணீரில் கரைந்திருக்கிற அமோனியாவைக் கொதிக்க வைத்துப் பிரிக்கும். அமோனியா ஆவி மேலே ஏறி, பின்பக்கத் தகடுகளில் சூட்டை விட்டுத் திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய குழாயில் இறங்கி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சும். கடைசியில் திரும்பத் தண்ணீரில் கரைந்து அடிக்குப் போகும். இதை 1922-ல் ஸ்டாக்ஹோமில் இரண்டு மாணவர்கள், பிளாட்டன், முன்டர்ஸ் என்று பெயர், கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அதை வாங்கி உலகம் முழுக்க விற்றது. ஹீட்டருக்குப் பதில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்தாலும் வேலை செய்யும். கரண்ட் இல்லாத ஊர்களில் தடுப்பூசி மருந்தை இப்படித்தான் காப்பாற்றினார்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, இது அடைத்துக்கொண்டால் ஒரு ராத்திரி தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுநாள் நிமிர்த்துவார். பாதி நேரம் சரியாகிவிடும். கப்பல்காரன் ஃப்ரிட்ஜைக் கவிழ்த்தால் என்னைக் கடலில் கவிழ்ப்பார்கள் என்பதால் அதை முயற்சிக்கவில்லை.

பல ஓட்டல் அறைகளிலும் இதே சாதனம்தான். தலைமாட்டில் கம்ப்ரஸர் உறுமினால் தூங்க முடியாது, அதனால் சத்தமில்லாத பெட்டி. ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலை அப்படியே வைத்திருக்க இதற்குத் தெம்பு உண்டு. சூடான பாட்டிலைக் குளிர வைக்கத் தெம்பு கிடையாது. நாம் வீட்டு ஃப்ரிட்ஜ் நினைப்பில் பாட்டிலைத் திணித்துவிட்டுக் காலையில் ஜில்லென்று இருக்கும் என்று காத்திருப்போம்.

எவ்வளவு தெம்பு என்று தெரிந்துகொள்ள முதல் ராத்திரியே ஒரு சோதனை வைத்தேன். 25 டிகிரியில் இருந்த ஆறு கேன்களை எட்டு மணிக்கு உள்ளே வைத்தேன். ஃப்ரிட்ஜ் திருகை முழு குளிருக்குத் திருப்பிவிட்டேன். காலை ஆறு மணிக்கு ஒரு கேனை உடைத்துப் புரோப்பை விட்டால் 12 டிகிரி. குடிக்கலாம், ஆனால் "ஆஹா" வராது. கணக்குப் போட்டேன். ஆறு கேன் சுமார் 2 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குறைக்க 4.2 கிலோஜூல் சூட்டை எடுக்க வேண்டும். 13 டிகிரி இறங்கியதற்கு மொத்தம் கிட்டத்தட்ட 108 கிலோஜூல். பத்து மணி நேரத்தில் 36,000 விநாடி. வகுத்துப் பார்த்தால் 3 வாட்.

மூணு வாட்! எங்கள் வீட்டு சாமி ரூம் விடிவிளக்கு மாதிரி. சுவர் வழியாகவும் கதவு ரப்பர் வழியாகவும் உள்ளே நுழைகிற சூட்டைத் தள்ளுவதிலேயே அந்தப் பெட்டியின் உயிர் போகிறது, மீதி இருப்பதுதான் இந்த மூணு வாட்.

மறுநாள் காலை பெட்டியைச் சுற்றி ஆராய்ந்தேன். டி.வி. மேசைக்குக் கீழே மரக் கபோர்டு, அதற்குள் ஃப்ரிட்ஜ், வெளியே அழகுக்கு ஒரு மரக் கதவு. கதவின் அடியில் காற்றுக்கு நாலு கீற்று. ஃப்ரிட்ஜுக்கும் பின்சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. இரண்டாவது தெர்மாமீட்டரின் புரோப்பை அந்தச் சந்தில் தொங்கவிட்டு மரக் கதவைச் சாத்தினேன். அரை மணி நேரத்தில் 37 டிகிரி காட்டியது. அறை 23-ல் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் மட்டும் தூத்துக்குடி மத்தியான வெயிலில் நிற்கிறது! பின்பக்கத் தகடு சூட்டை விட்டால்தான் அமோனியா திரவமாகும். சுற்றிலும் 37 டிகிரி என்றால் அது எங்கே கொண்டுபோய்ச் சூட்டை விடும்?

மேல் தட்டில் இன்னொரு கோளாறு. மரக் கபோர்டுக்கு மேலே சூடு வெளியேற ஒரு கீற்று இருந்தது. அதன்மேல் கூடுதல் போர்வை ஒன்றை மடித்து யாரோ திணித்திருந்தார்கள். புகைபோக்கியில் துணி அடைத்த மாதிரி. போர்வையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன்.

மரக் கதவைத் திறந்தே வைக்கலாம் என்றால் கப்பல் லேசாக ஆடும்போதெல்லாம் அது டப் டப்பென்று அடித்துக்கொண்டது. இங்கே ஒரு விஷயம் கைகொடுத்தது. கப்பல் அறைச் சுவர் பார்க்க வால்பேப்பர் மாதிரி இருந்தாலும் உள்ளே இரும்புத் தகடு. காந்தம் அப்படியே கவ்வும். ஸ்க்ரூ விழாமல் பிடிக்க நான் எப்போதும் வைத்திருக்கிற காந்தக் கொக்கியைச் சுவரில் ஒட்டி, மகளின் ஷூ லேஸால் கதவுக் கைப்பிடியைக் கட்டிவிட்டேன். சந்தில் 37 இருந்தது ஒரு மணி நேரத்தில் 29-க்கு இறங்கியது.

மச்சான் அறையில் கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னேன், ஒப்பிட்டுப் பார்க்க. அன்று ராத்திரி இரண்டு அறையிலும் ஆளுக்கு நாலு கேன். காலையில் என் பெட்டிக் காற்று 8, அவன் பெட்டிக் காற்று 13. கேனைத் தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. "அத்தான், நீங்க லீவுக்கு வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா?" என்றான் மச்சான். ஆனாலும் ஷூ லேஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஃப்ரிட்ஜைச் சரி செய்தாகிவிட்டது. ஆனால் எட்டு டிகிரி என்பது கிட்டத்தட்ட அதன் உச்சம், அதற்கும் ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். புக்கெட் வெயிலில் இருந்து திரும்பி வருகிற பிள்ளைகள் நாளைக் காலை வரை காத்திருப்பார்களா? குளிர வைக்கிற வேலைக்கு வேறு ஆள் பிடிக்க வேண்டும். அந்த ஆள் ஐஸ்.

அறையில் மூடி போட்ட ஐஸ் வாளி ஒன்று வெறுமனே இருந்தது. அறையைப் பார்த்துக்கொள்கிற பையனிடம் கேட்டேன். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போதுமா சார்?" என்றான் ஆங்கிலத்தில். போதும் என்றேன். அதற்குப் பிறகு நாலு நாளும் ஒரு தடவைகூட மறக்கவில்லை. கேட்காவிட்டால் வராது, கேட்டால் நிற்காது. வாளியில் ஒன்றரைக் கிலோ ஐஸ் பிடித்தது.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் இழுக்கும். ஒரு கேனை 25-ல் இருந்து 5-க்கு இறக்க 28 கிலோஜூல், அதாவது 83 கிராம் ஐஸ். ஆறு கேனுக்கு அரைக் கிலோ. ஒரு வாளியில் எங்கள் தேவை முடிந்து மிச்சமும் இருக்கிறது. கணக்கு இவ்வளவு சுலபம். ஆனால் எப்படி வைக்கிறோம் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

கேனை ஐஸுக்குள் புதைத்தால் போதும் என்று மச்சான் வாதாடினான். பந்தயம் கட்டினோம். ஒரு கேன் வெறும் ஐஸுக்கு நடுவில். இன்னொன்று ஐஸோடு அதே அளவு தண்ணீர் ஊற்றியதில். பதினைந்து நிமிடம். வெறும் ஐஸில் இருந்தது 15 டிகிரி, தண்ணீரில் இருந்தது 7. காரணம் கண்ணால் பார்த்தாலே தெரியும். ஐஸ் கட்டி கேனை நாலைந்து இடத்தில்தான் தொடுகிறது, மீதி எல்லாம் காற்று. தண்ணீர் ஊற்றினால் கேன் முழுக்க ஜீரோ டிகிரி ஒட்டிக்கொள்கிறது. பந்தயத்தில் தோற்ற மச்சான் எனக்குக் கொடுக்க வேண்டிய பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இன்னும் வரவில்லை.

கேனைத் தண்ணீருக்குள் விரலால் சுழற்றிக்கொண்டே இருந்தால் நாலைந்து நிமிடமே போதும். உள்ளே இருக்கிற கோலாவும் சுற்றிக் கலங்குகிறது, அதனால்தான் இந்த வேகம். பிள்ளைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தோம். சண்டை போட்டுக்கொண்டு சுழற்றினார்கள். ஒரு எச்சரிக்கை, சுழற்றிய கேனை உடனே உடைக்காமல் ஒரு நிமிடம் விட்டு உடையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இந்த வேகம் வராது. பிளாஸ்டிக் சூட்டை லேசில் கடத்தாது, அரை மணி நேரமாவது ஊற வேண்டும்.

இப்போது என் முட்டாள்தனம். இந்த ஐஸ் தண்ணீர் வைத்தியத்தை முதல் தடவை மென்பையில் வைத்து, பையை மேசைமேல் நிறுத்தி, ஜிப்பை மூடாமல் சாப்பிடப் போனேன். மே மாதக் கடல், லேசான ஆட்டம். திரும்பி வந்தால் பை சாய்ந்து கிடக்கிறது, கார்ப்பெட் சதசத. ஆறு கேனும் கட்டிலுக்கடியில் உருண்டு விளையாடிக்கொண்டிருக்கின்றன. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே நாலு பழைய துண்டு கொண்டுவந்து போட்டான்.

அன்றிலிருந்து ஐஸ் கடை பாத்ரூமுக்கு மாறியது. குளிக்கிற இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் அடியில் ஒரு வரம்பு கட்டியிருப்பார்கள். பையை அதற்குள் வைத்துவிட்டால் கொட்டினாலும் வடிகாலுக்குப் போகும், வெளிப்பக்கம் வியர்த்தாலும் கவலையில்லை. அடியில் மடித்த துண்டு ஒன்று, மேலே துண்டு ஒன்று. ஆறு கேனைப் படுக்கவைத்து, ஒரு வாளி ஐஸ் கொட்டி, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர். அரை மணி நேரத்தில் ஆறும் 6 டிகிரி. வாட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 90 வாட். ஃப்ரிட்ஜைப் போல முப்பது மடங்கு! எடுத்துத் துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், அதற்குத் தெரிந்த ஒரே வேலையான காவல் வேலையை அது ஒழுங்காகப் பார்த்தது. ராத்திரி எட்டு மணிக்கு 6-ல் வைத்தது மறுநாள் மத்தியானம் 8-ல் இருந்தது.

உப்பு போட்டும் பார்த்தோம். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வருகிற ஐஸ்காரர் மரப்பெட்டிக்குள் ஐஸையும் கல்லுப்பையும் கலந்து, சுற்றி உமி மூட்டை கட்டி வைத்திருப்பார். அந்த நினைப்பு. அத்தை ஊரிலிருந்தே மோருக்கென்று ஒரு பொட்டலம் கல்லுப்பு கொண்டுவந்திருந்தார். அதில் இரண்டு கைப்பிடி எடுத்துப் போட்டதும் தெர்மாமீட்டர் மைனஸ் 6-க்கு ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் கால் மணி நேரத்தில் சோடாவின் ஓரம் உறைந்து, உடைத்ததும் நுரை தள்ளிச் சட்டையெல்லாம் சோடா. ஐஸும் சீக்கிரம் தீர்ந்தது. வேடிக்கைக்குச் சரி, வேலைக்கு ஆகாது. அத்தையின் உப்பும் போயிற்று, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஈரத்துணி வைத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஏமாந்தேன். மண்பானை புத்தி. தண்ணீர் பாட்டிலில் ஈரத் துண்டைச் சுற்றி பால்கனியில் காற்றுபடக் கட்டினால் குளிரும் என்று கட்டினேன். நல்ல காற்று வேறு. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 25-ல் இருந்த பாட்டில் 27-க்கு ஏறியிருக்கிறது. யோசித்தால் நியாயம்தான். மலாக்கா நீரிணைக் காற்றில் ஈரப்பதம் எண்பது சதவீதம் இருக்கும். வெளியே 30 டிகிரி. அந்த ஈரத்தில் துணி காயவே காயாது. எவ்வளவு நேரம் கட்டினாலும் 27-க்குக் கீழே போகாது. அதே துண்டை அறைக்குள் ஏ.சி. காற்று வருகிற துவாரத்துக்கு நேரே தொங்கவிட்டேன். உள்ளே காற்று காய்ந்தது, ஈரப்பதம் பாதிதான். இரண்டு மணி நேரத்தில் பாட்டில் 18. ஐஸ் கிடைக்காத நேரத்தில் இது பரவாயில்லாத கைவைத்தியம். பால்கனிக் கதவைத் திறந்து போட்டால் மட்டும் எல்லாம் கெட்டுவிடும். எங்கள் அறையில் கதவு திறந்தால் ஏ.சி.யே நின்றுவிடுகிற மாதிரி சென்ஸார் வைத்திருந்தார்கள். மூடினாலும் அந்த ஈரம் போக வெகுநேரம் ஆகும், ஃப்ரிட்ஜ் உள்ளே வியர்த்துக் கொட்டும்.

அறைச் சாவி அட்டையை வாசல் பக்கத்துப் பிறையில் செருகினால்தான் விளக்கு எரியும். வெளியே போகும்போது உருவிவிட்டால் ஃப்ரிட்ஜும் நின்றுவிடுமோ என்று சந்தேகம். சந்தில் புரோப்பைத் தொங்கவிட்டு, அட்டையை உருவிக்கொண்டு பினாங்கில் இறங்கினோம். திரும்பி வந்தபோது பின்பக்கம் சூடாகவே இருந்தது. ஆக எங்கள் கப்பலில் ஃப்ரிட்ஜ் லைன் தனி. எல்லாக் கப்பலிலும் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அத்தை முதல் வேலையாகக் கடையில் பெருங்காயத்தூளும் ஒரு பொட்டலம் உப்பும் வாங்கினார். என்னைப் பார்த்துக்கொண்டே உப்பு வாங்கினார்.

மோருக்கு வருகிறேன். எல்லாம் தொடங்கியது அதில்தானே. கப்பல் சாப்பாட்டுக் கூடத்தில் காலையில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். நம் ஊர்த் தயிர் மாதிரி புளிப்பு ஏறியது இல்லை, கெட்டியாக, சாதுவாக இருக்கும். இரண்டு கிண்ணம் தயிர், இரண்டு மடங்கு தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம், சாலட் பக்கம் இருந்து நாலு துண்டு வெள்ளரி. ஒரு லிட்டர் ஸ்டீல் ஃப்ளாஸ்க்கில் முதலில் வெறும் ஐஸ் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கி ஃப்ளாஸ்க்கையே குளிர வைத்துக் கொட்டினேன். பிறகு கால் பங்கு புது ஐஸ், மீதி மோர். தண்ணீர் கொஞ்சம் குறைவாகக் கலந்துகொண்டால் ஐஸ் உருகி அளவு சரியாக வரும். காலை ஒன்பதுக்கு அடைத்தது சாயங்காலம் ஐந்துக்கு 5 டிகிரி. புக்கெட்டில் கப்பல் கரைக்கு வராமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் பட்டோங் கரைக்குக் கூட்டிப்போனார்கள். அந்த வெயிலில் படகுக்கு வரிசையில் நிற்கும்போது அத்தை ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். ஒரு மடக்கு குடித்தார். "ம்" என்றார். எங்கள் அத்தையிடம் "ம்" வாங்குவது சாமானியமில்லை.

ஃப்ளாஸ்க்கின் வாயைச் சாப்பாட்டுக் கூடத்து ஐஸ் குழாயில் நேராகப் பிடிக்காதீர்கள். கப்பலில் வயிற்றுப்போக்கு வைரஸ் ஒருத்தருக்கு வந்தால் கூட்டத்துக்கே பரவிவிடும், அதனால் ஊழியர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். சுத்தமான டம்ளரில் பிடித்து ஃப்ளாஸ்க்கில் ஊற்றினால் யாருக்கும் சங்கடமில்லை. அதே மாதிரி கேன் ஊறிய ஐஸ் தண்ணீரைக் குடிக்கிற வேலையும் வேண்டாம். அந்தக் கேன் எத்தனை குடோனில் புரண்டு வந்ததோ!

குடிக்கிற விஷயம் இல்லை என்றாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அத்தையின் இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2-ல் இருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. முதல் ராத்திரி 15 டிகிரி காட்டிய பெட்டியில் அதை நம்பி வைக்க முடியுமா? ஐஸ் வாளிக்குள் போடுவது அதைவிட மோசம். கப்பல் மருத்துவப் பிரிவில் சொன்னதும் பிரிக்காத மாற்று இன்சுலின் பேனா ஊசியை வாங்கி அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டார்கள். தினமும் குத்துகிற பேனா, டாக்டர் சொன்னபடி, அறைச்சூட்டில் மேசை டிராயரிலேயே இருந்தது. அறைப் பெட்டியை எப்படிச் சீர்செய்தாலும் மருந்துக்கு அது லாயக்கில்லை. இதில் மட்டும் மெக்கானிக் கெத்து காட்டாதீர்கள்.

நாலாம் நாள் முழுக்கக் கடல். அதற்குள் வேலை ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. காலை ஐஸ் வந்ததும் பாதி ஃப்ளாஸ்க்குக்கு, பாதி பாத்ரூம் பைக்கு. பையில் இருந்து எடுத்த கேன் ஃப்ரிட்ஜுக்கு. காலியான இடத்தில் அடுத்த செட். மச்சான் பிள்ளைகள் சுழற்றும் இலாகா. மகள் நோட்டில் டிகிரி எழுதும் இலாகா. உருகிய தண்ணீரைக் கொட்டாமல் இன்னொரு தடவை உபயோகித்தோம். அதுவும் 2 டிகிரியில்தான் இருக்கும், முதல் பாதிச் சூட்டை அதிலேயே இறக்கிவிட்டு, மீதிக்குப் புது ஐஸ். துறைமுகத்து விசைப்படகில் மீனுக்கு ஐஸ் போடுகிறவர்கள் பழைய ஐஸ் தண்ணீரை அவசரப்பட்டுக் கொட்டமாட்டார்கள். அங்கே கற்றது.

இறங்குகிற நாள் காலையில் ஷூ லேஸை அவிழ்த்தேன், கொக்கியைச் சுவரில் இருந்து பிய்த்தேன், மரக் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கடியில் போட்ட போர்வையைத் திரும்ப மேல்தட்டில் வைக்க மனசு வரவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கீற்றைக் காட்டி, இதன்மேல் துணி வைத்தால் ஃப்ரிட்ஜ் மூச்சுத் திணறும் என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போர்வையை அலமாரிக்குக் கொண்டுபோனான். மிச்சம் இருந்த இரண்டு கேன் சோடாவை அவனிடமே கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஜில்லுனு இருக்கே சார், இந்த ஃப்ரிட்ஜா?" என்றான்.

மகளின் நோட்டில் கடைசி வரி: காலை 7.40, ஃப்ரிட்ஜ் காற்று 7, பின்பக்கச் சந்து 28, பாட்டி மோர் 4. கீழே, யு.எஸ்.பி.யில் ஓடுகிற 5 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை அந்தச் சந்தில் வைத்தால் இன்னும் இரண்டு டிகிரி இறங்குமா என்று நான் கிறுக்கியிருக்கிறேன். ஃபேன் கடையில் கிடக்கிறது. மச்சான் அடுத்த டிக்கெட் போடுகிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும்.